அருள்வாக்கு நோட்டு

நான் ஆராய்ச்சி செய்வது எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் கடவுள் வந்து பேசிய பெண்களைப் பற்றி. இதைச் சொன்னதும் இந்த வளைகுடா நாட்டில், முவைலாவில் எங்கள் பில்டிங் ஆட்களின் முகம் போகிற போக்கைப் பார்க்கணும்! "ஏன் மிஸ், நம்ம ஊர்ல பொம்பளைங்களே இல்லையா?" என்று கேட்டார் எங்கள் பஜனைக் குழுவின் செக்ரட்டரி. அவர் ஆஃபீஸில் டாக்குமெண்ட் கண்ட்ரோலர். எந்தக் காகிதம் எந்த ஃபைலில் போகணும் என்று பார்க்கிற வேலை. அந்தப் பதவியைச் சொல்லும்போது மட்டும் ஆளுக்கு நெஞ்சு நிமிரும். என் வீட்டுக்காரர் அவருக்கு ஒரு படி மேல். "அதை முடிச்சா சம்பளம் ஏறுமா?" என்றார். பகலில் ஸ்கூலில் ஒன்பதாம் வகுப்புக்குச் சரித்திரம், சாயங்காலம் ஆன்லைனில் வெளிநாட்டு யூனிவர்சிட்டிக்குத் தீசிஸ் என்று நான் நாய் படாத பாடு படுவதைப் பார்த்துக்கொண்டே கேட்ட கேள்வி அது. என்னத்தைச் சொல்ல.

என் விஷயம் ரொம்ப எளிது. அந்தக் காலத்தில் அங்கே ஒரு பெண் கோயிலில் நின்று பிரசங்கம் பண்ண முடியாது. பெரும்பாலானவர்களுக்கு லத்தீன் சொல்லித்தர மாட்டார்கள். தன் பேரில் ஒரு வார்த்தை சொன்னால் "வாயை மூடு" என்பார்கள். ஆனால் அவள் வாயில் கடவுளே வந்து பேசினால்? அப்போது எவன் மூடச் சொல்வான்? பிஷப்பையே நிற்க வைத்துத் திட்டலாம், அவனும் மண்டையை ஆட்டிக்கொண்டு கேட்பான். ஆனால் அங்கேதான் ஒரு கொக்கி. அவள் சொல்வதை எழுத ஒரு பாதிரியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவள் "பசிக்குது" என்றால் அவன் "ஆன்மாவின் பசி" என்று எழுதுவான். அவள் அழுதால் "பேரின்பக் கண்ணீர்" என்பான். இன்று நம் கையில் இருப்பது அவன் எழுதினதுதான். சில பேர் அவள் பெயரைக்கூட எழுதவில்லை, "பக்தியுள்ள ஒரு பெண்" என்று விட்டுவிட்டார்கள். வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அவள் பெயரை எழுத மனசு வரலை பாருங்கள். தூ! இந்தப் பாதிரிமார்களைக் கிழித்து ஒரு அத்தியாயம் எழுதினேன். என் வழிகாட்டிப் பேராசிரியை அதைப் பிரமாதம் என்று பாராட்டி மெயில் அனுப்பினார். நானும் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

எங்கள் பஜனை வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு. பெரிய ஃப்ளாட் யாருடையதோ அங்கே கூடுவோம். பெரிய ஃப்ளாட் மேனேஜருடையது. அவர் என் வீட்டுக்காரருக்கு ஆஃபீஸில் மேலதிகாரி, அதனால் நாங்கள் ஒரு வெள்ளிகூடத் தவறவிட முடியாது. ஆண்கள் சோஃபாவில் உட்கார்ந்து தாளம் போடுவார்கள். பெண்கள் தரையில் உட்கார்ந்து பாடுவோம், நடுவில் எழுந்துபோய்ச் சுண்டல் தாளிப்போம். இதற்கு "மகளிர் அணி" என்று ஒரு பேர் வேறு.

அந்த வீட்டில் ஒரு பணிப்பெண் இருந்தாள். இலங்கை மலையகத் தமிழ், ஹட்டன் பக்கம். நாற்பது வயசு இருக்கும். மேனேஜரின் மனைவியான மேடம் அவளை "ஏய், இங்க வா" என்று கூப்பிடுவாள், குழந்தைகள் "ஆன்ட்டி" என்பார்கள், நாங்கள் எல்லாம் "ஏம்மா" என்போம். அந்த ஆடி மாசம் இரண்டாவது வெள்ளி, கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தவளுக்கு உடம்பு ஆடியது. தட்டு கீழே விழுந்தது. தலைமுடி அவிழ்ந்தது. அடுத்த நொடி அவள் சோஃபாவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷமாக அவள் துடைக்க மட்டுமே தொட்ட சோஃபா!

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் மேனேஜரைப் பார்த்து.

அவ்வளவுதான். மேனேஜர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சைட்டில் நூறு பேரை "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டுகிற மனுஷன், ஒரு 'டா' கேட்டதும் கண்ணில் தண்ணீர் விட்டு "சொல்லு தாயே" என்கிறார். மேடம் மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவந்து அவள் பாதத்தில் ஊற்றினாள். எனக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்றால் அவள் பேசினதை நான் என் காதால் கேட்டேன்.

"புள்ளை தனியாக் கெடக்கா. வயித்தைத் தூக்கிக்கிட்டுத் தனியாக் கெடக்கா. நான் போகணும். என்னைய விடுங்கடா. போகணும்."

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது, சொல்லுங்கள். ஆனால் செக்ரட்டரி கையைத் தூக்கினார். "அமைதி, அமைதி. அம்மன் என்ன சொல்றான்னா, நாமெல்லாம் அவ புள்ளைங்க. இந்தப் பாலைவனத்துல தனியாக் கிடக்கோம். அதனால எல்லார் வீட்டுக்கும் வந்து போகணும்ங்கிறா. அடுத்த வாரத்துல இருந்து வீட்டுக்கு வீடு பஜனை!" அடேங்கப்பா! அரை நிமிஷத்தில் அம்மனுக்கே டூர் புரோகிராம் போட்டுவிட்டார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்கதான் சரித்திரம். இதெல்லாம் பதிவு பண்ணணும்ல? நான் சொல்லச் சொல்ல எழுதுங்க." ஏதோ கம்பெனி இலவசமாகக் கொடுத்த பழைய டைரி ஒன்றை மேடம் கொண்டுவந்து, முதல் பக்கத்தில் குங்குமம் வைத்து என் மடியில் போட்டாள். 'அருள்வாக்கு' என்று மேலே எழுதினேன். கீழே செக்ரட்டரி சொன்னதை எழுதினேன். என் வீட்டுக்காரர் பெருமையாகத் தலையாட்டினார்.

கால் மணி நேரத்தில் அம்மன் மலையேறிவிட்டாள். அவள் தரையில் சுருண்டு கிடந்து எழுந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மேடம் குரல் சமையலறையில் கேட்டது: "ஏய், அந்த டம்ளரையெல்லாம் ஊறப் போடாம உடனே கழுவிடு." ஈரக்காலோடு போய் அவள் கழுவினாள்.

அதற்கப்புறம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. வெள்ளிதோறும் ஒவ்வொரு வீடாக அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்திக்குக் கனடா பேப்பர் கிளியர் ஆகணும். ஒருத்தர் மகனுக்கு மெடிக்கல் சீட். ஃபர்வானியாவில் இருக்கிற ஒரு அம்மா மருமகளோடு ஒத்துப்போகலை என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பி, அதை அம்மன் காதில் போட்டுக் காட்டச் சொன்னாள். யான்பு ரிஃபைனரியில் இருந்து ஒருத்தர் புரமோஷன் கேட்டு வீடியோ காலில் வந்தார். செக்ரட்டரி போனை அம்மன் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் போன் மேலேயே விபூதியை வாரி அடித்தாள். ஸ்பீக்கருக்குள் விபூதி போய்ப் போன் கெட்டதுதான் மிச்சம். யான்புக்காரருக்கோ ஏக சந்தோஷம், தனக்கு நேரடியாக ஆசீர்வாதம் கிடைத்துவிட்டதாம். எல்லாம் இன்ஜினியர்கள், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்கள். கருமம்!

ஒவ்வொரு வாரமும் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். போகணும், விடுங்க, புள்ளை தனியாக் கெடக்கா. ஒவ்வொரு வாரமும் செக்ரட்டரி அதை இழுத்து நீட்டிப் பூசி மெழுகி, யாருக்கு எது வேணுமோ அதைக் கொடுத்தார். நான் எழுதினேன். அடுத்த வெள்ளி பஜனை தொடங்கும் முன் அவரே நோட்டை விரித்து, மேடைக் குரலில், போன வார வாக்கை வாசிப்பார். அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நோட்டு மேனேஜர் வீட்டுப் பூஜை அலமாரியில் இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாதிரிமார்களைக் கிழித்தவள் ஆயிற்றே, எனக்கு உறைக்கவில்லையா? உறைத்தது. எப்படி உறைத்தது தெரியுமா? பேராசிரியைக்கு மெயில் போட்டேன். நான் படிக்கிற விஷயம் என் கண் முன்னாலேயே நடக்கிறது, இதை ஒரு அத்தியாயமாகச் சேர்க்கலாமா என்று கேட்டேன். அவர் துள்ளிக் குதித்துவிட்டார். 'தொடர்ந்து கவனியுங்கள், எதிலும் தலையிடாதீர்கள்' என்று பதில் வந்தது. தலையிடாமல் இருப்பதற்கு எனக்குப் பெரிய இடத்து அனுமதியே கிடைத்துவிட்டது.

ஆவணி மாசம் ஒரு வெள்ளி, திரும்பவும் மேனேஜர் வீட்டு முறை. பஜனை முடிந்து சமையலறையில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும்தான் இருந்தேன். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"மிஸ், அந்த நோட்டைப் படிச்சேங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். பூஜை அலமாரியை நான்தானே துடைக்கிறேன்." ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "அருள் வர்றப்ப என்ன பேசுறேன்னு எனக்குத் தெரியாதுங்க மிஸ். யாரோ வீடியோ எடுத்துக் குரூப்ல போட்டிருக்காங்க. அது சுத்திச் சுத்தி ஊருக்கே போயிருச்சு. என் மக எனக்கே அனுப்பினா. பாத்துட்டு ஓன்னு அழுதா. அம்மா, நீ என்னையத்தானே சொல்றன்னு கேட்டா. அதுல நான் சொல்றது ஒண்ணுகூட நோட்டுல இல்லையே மிஸ்."

மகளுக்கு எட்டு மாசம். தலைப்பிரசவம். கட்டினவன் கொழும்பில் வேலைக்குப் போனவன் வீட்டுப் பக்கமே வருவதில்லை. இவளுக்கு மூன்று வருஷமாக லீவு கிடையாது. கேட்டால் மேடம் "பாக்கலாம்" என்பாளாம். பாஸ்போர்ட் மேடம் பீரோவில், "பத்திரமா இருக்கட்டும்" என்று.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. அவ வலி எடுக்கிற அன்னைக்கு நான் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான். நீங்க எழுதுறதை அவங்க சாமி வாக்குன்னு நம்புறாங்க. ஒரே ஒரு தடவை நான் சொன்னதை எழுதுங்க மிஸ்."

"எழுதுறேன்" என்றேன். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறைதான்.

எழுதினேனா? இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன், என் வீட்டுக்காரர் எகிறிக் குதித்தார். "நமக்கெதுக்கு வம்பு? என் அப்ரைசல்ல கையெழுத்துப் போடுறது அந்த மனுஷன்தான்." அவரைத் திட்டினேன், கோழை என்றேன், முதுகெலும்பு இல்லை என்றேன். திட்டிவிட்டு அடுத்த வெள்ளி செக்ரட்டரி சொன்னதையே எழுதினேன். அதற்கடுத்த வெள்ளியும். அவர் அப்ரைசல் மட்டும் காரணம் என்றால் பரவாயில்லை. என் அத்தியாயம் நன்றாக வந்துகொண்டிருந்தது. செக்ரட்டரி ஒவ்வொரு வாரமும் புதுப் புது விளக்கம் கொடுத்தார், நான் வீட்டுக்கு வந்து அவள் சொன்னதை ஒரு பக்கமும் அவர் சொன்னதை எதிர்ப்பக்கமும் தட்டச்சு செய்தேன். இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் அத்தியாயம் முழுசாகும் என்று நினைத்தேன். நினைத்தேன், ஆமாம். மூன்றாவது வெள்ளியும் போயிற்று. அவள் கற்பூரத் தட்டோடு என்னைக் கடக்கும்போது ஒரு பார்வை பார்ப்பாள். கேட்க மாட்டாள்.

அந்த மூன்றாவது வெள்ளி முடிந்து கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் அவள் மெதுவாகச் சொன்னாள்: "மகளுக்குக் காலெல்லாம் வீங்கிருச்சாம் மிஸ்." சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வாரப் பக்கத்தைக் கிழித்தேன். அவள் சொன்னதை, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல், பெரிய பெரிய எழுத்தில் எழுதினேன்.

நாலாவது வெள்ளி. மேனேஜர் வீடு நிறைந்திருந்தது. செக்ரட்டரி நோட்டைப் பிரித்தார். பக்கத்தைப் பார்த்தார். ஒரே ஒரு விநாடி முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல் வாசித்தார்: "என் பிள்ளைகளே, உங்கள் குறையெல்லாம் தீர வரும் பௌர்ணமிக்கு நூற்றெட்டு விளக்கேற்றுங்கள்…" டாக்குமெண்ட் கண்ட்ரோலர் என்றால் சும்மாவா!

"அதுல அப்படி இல்லை சார்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. என் வீட்டுக்காரர் என் முழங்கையைக் கிள்ளினார்.

"மிஸ் கையெழுத்து கொஞ்சம் கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்று செக்ரட்டரி சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சமையலறை வாசலில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். நேராக வந்தாள், அவர் கையிலிருந்து நோட்டை வாங்கினாள். தலைமுடி அவிழவில்லை, உடம்பு ஆடவில்லை. தன் சொந்தக் குரலில், பள்ளிக்கூடப் பிள்ளை வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"புள்ளை தனியாக் கெடக்கா. வயித்தைத் தூக்கிக்கிட்டுத் தனியாக் கெடக்கா. நான் போகணும். என்னைய விடுங்க." நோட்டை மூடினாள். "இது என் மகளுங்க. இது ஒம்பதாவது மாசம். என் பாஸ்போர்ட்டைக் குடுங்க சார்."

ஒருத்தரும் கை கூப்பவில்லை. ஒருத்தரும் தாயே என்று சொல்லவில்லை. அதே வாய், அதே வார்த்தை. போன வாரம் அந்த வார்த்தைக்குக் காலில் விழுந்தவர்கள் இப்போது ஏசியைப் பார்த்தார்கள், கார்ப்பெட்டைப் பார்த்தார்கள். மேடம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அருள் வரலையே, அப்புறம் என்ன பேச்சு? உள்ள போ."

உள்ளே போனாள். நாங்கள் பாடினோம். ஒன்றரை மணி நேரம் பாடியும் அம்மன் வரவில்லை. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு உருகினார், வரவில்லை. அவள் சமையலறையில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் எங்கள் படித்த கூட்டத்துக்குப் பயம் பிடித்தது. அம்மன் கோவித்துக்கொண்டாளாம். யான்புக்காரர் புரமோஷன் லிஸ்ட் வரப்போகிற நேரத்தில் இது என்ன சோதனை என்று புலம்பினார். கனடாக்காரி மேனேஜருக்கே போன் போட்டு "அனுப்பிவிடுங்க சார், சாமி குத்தம் எங்களையும் சேர்த்துல்ல பிடிக்கும்" என்றாள். ஒரு மனுஷி மூன்று வருஷமாகக் கேட்டும் திறக்காத பீரோ திங்கட்கிழமை திறந்தது. பாஸ்போர்ட் வந்தது, வியாழக்கிழமைக்கு டிக்கெட் வந்தது. "அம்மன் உத்தரவுப்படி" என்று செக்ரட்டரி குரூப்பில் அறிவிப்புப் போட்டார். கீழே நாற்பது பேர் கும்பிட்ட கை போட்டார்கள். அந்த மனுஷனுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே.

வியாழன் காலையில் லிஃப்ட் வாசலில் ஒரு பையோடு அவளைப் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது.

"பொறந்திருச்சு மிஸ். செவ்வாக்கெழமை. பொம்பளைப் புள்ள." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆனா ஆஸ்பத்திரியில யாருமே இல்லையாம். ராவெல்லாம் அம்மா அம்மான்னு கத்திருக்கா. நர்ஸ் ஏசினாளாம்." கீழே கார் ஹாரன் அடித்தது. "நீங்க எழுதினீங்களே, அதுக்கு நன்றிங்க" என்றாள்.

லிஃப்ட் மூடிவிட்டது. மூன்று வெள்ளிக்கிழமை. அதில் ஒரே ஒரு வெள்ளி முந்தி எழுதியிருந்தாலும் அவள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். செக்ரட்டரியைத் திட்ட எனக்கு வாய் இருக்கிறது, மேடத்தைத் திட்ட இருக்கிறது, என் வீட்டுக்காரரைத் திட்டத் தினமும் இருக்கிறது. அன்றைக்கு மூடின லிஃப்ட் கதவில் தெரிந்த மூஞ்சியைத் திட்டத்தான் வார்த்தை கிடைக்கவில்லை.

அத்தியாயத்தை மட்டும் முடித்து அனுப்பினேன். ஆமாம், அனுப்பினேன்! பேராசிரியை மிக நல்ல அத்தியாயம் என்று எழுதினார். கூடவே ஒரு படிவம் வந்தது. உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றி எழுதினால் அவர் சம்மதம் வேண்டும், இதில் கையெழுத்து வாங்குங்கள் என்று. படிவத்தின் முதல் வரி: பெயர்.

நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாசமாக அவள் வாயையே பார்த்து எழுதியவள் நான். ஏம்மா என்று கூப்பிட்டிருக்கிறேன். என் அத்தியாயத்தில் 'மலையகத்தைச் சேர்ந்த ஒரு பெண்' என்று பதினாறு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

மேடத்திடம் நம்பர் வாங்கிப் போன் பண்ணினேன். வீடியோவில் முதலில் குழந்தைதான் தெரிந்தது. தலை நிறைய முடி. பின்னால் மகள் படுத்திருந்தாள். நலம் விசாரித்தேன், அவளும் என் வீட்டுக்காரர் வரைக்கும் விசாரித்தாள். கடைசியில் கேட்டேன்.

"உங்க பேரு என்னம்மா?"

குழந்தையை மகள் பக்கத்தில் கிடத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எதுக்குங்க மிஸ்?"

"உங்களைப் பத்தி எழுதுறேன். அதுல போடணும்."

சிரித்தாள். கோபம் இல்லாத சிரிப்பு.

"வேணாங்க மிஸ்" என்றாள். "நீங்க எழுதினது போதும்."